மேட்டுல நின்ன வண்டி

இந்தா, இந்த ஆரஞ்சை உரிச்சுக்கோண்ணே. வேணாமா? சரி, நானே சாப்பிடுறேன். ஸ்டீயரிங்கை அப்படி முறைச்சா வண்டி கெளம்பிடுமா? நானும் பாக்கறேன், இந்த மேட்டுல வண்டி நின்னதுலேர்ந்து இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்க. சக்கரத்துக்குக் கல்லு வெச்சாச்சு, ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, எங்கேயும் உருளாது. இழுக்கற வண்டிக்கும் போன் பண்ணியாச்சு. தெரிஞ்ச ஆளுதான், வந்துடுவாரு. அதுவரைக்கும் கூடப்பிறந்தவகிட்ட நாலு வார்த்தை பேசினா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?

அட, அவரு காத்திருக்கட்டும்ணே. இந்த வண்டிய வாங்கறேன்னு போன்ல சொன்னவரு தானே, சளி பிடிச்ச குரல்ல பேசினாரே, அவருதானே? மலைக்கு அந்தாண்டதானே இருக்காரு, எங்க ஓடிடப் போறாரு.

என்ன, இறங்கிப் பாக்கப் போறியா? பாத்து என்ன பண்ணப் போற? நான் எலக்ட்ரீஷியன், என் வயரிங் சுத்தம், கோளாறு எல்லாம் அந்தப் பெட்டியிலன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறது நீதானே. உக்காரு.

எனக்கு இதெல்லாம் புரியாதா? நல்லாருக்கே கதை. நம்ம மெக்கானிக் கடை பார்ட்ஸ் கவுன்ட்டர்ல இத்தனை வருஷமா என்ன ஈ ஓட்டிக்கிட்டா இருக்கேன்? கேளு, ஒப்பிக்கிறேன். இன்ஜினோட சக்திய நாலு சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் குடுக்கற பெட்டி, அதான் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். வண்டியோட வந்த பெட்டி உடைஞ்சுபோச்சுன்னு வெளிய ஒரு பெட்டிய வாங்கிப் போட்டீங்க. உன் மாப்ள, அதான் என் வீட்டுக்காரரு, பெட்டிய மாட்டினாரு. நீ அதை வண்டி கம்ப்யூட்டரோட சேத்து வயர் இழுத்த. அதுல ஹை, லோன்னு ரெண்டு இருக்கு. மேடு ஏறணும்னா லோ போடணும். லோ போட்டா இன்ஜின் தலைதெறிக்க ஓடும், சக்கரம் நத்தையா நகரும். லோ போட்டிருக்கோம்னு கம்ப்யூட்டர் காதுல யாராவது போடணும். போடலைன்னு வையி, அது ஒரு சந்தேகப் பிராணி. இன்ஜின் இந்த ஓட்டம் ஓடுது, சக்கரம் சுத்தக் காணோமே, கியர் பாக்ஸ் போச்சுடா சாமின்னு பயந்து மொத்த சக்தியையும் பிடுங்கிக்கும். அதைச் சொல்றதுக்குத்தான் பெட்டி மேல ஒரு குட்டி சுவிட்சு, அதுலேர்ந்து ஒரு வயர். சரியா சொல்லிட்டேனா? தலையாட்டிட்ட, பாத்தேன்.

ஒரு வயரே வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்லுது. நீங்க ரெண்டு பேரும்தான் சொல்ல மாட்டேங்கறீங்க.

எதுல ஆரம்பிச்சது? ஸ்பேனர்ல. ஸ்பேனர் செட்டை மழையில யாரு விட்டதுன்னு. துருப்பிடிச்சது ஸ்பேனருக்கு, பேச்சு நின்னது ஆளுங்களுக்கு. ஒரே கடை, ஒரே கூரை, நீ பானெட்டுக்குள்ள தலையை விட்டிருக்க, அவரு அதே வண்டிக்கு அடியில படுத்திருக்காரு. அவன்கிட்ட சொல்லுன்னு நீ. உங்கண்ணன்கிட்ட சொல்லுன்னு அவரு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. நானும் எவ்ளோ பூசி மெழுகறது? அந்தத் தடிமாட்டுகிட்ட சொல்லுன்னு நீ ஆரம்பிப்ப, நான் போய் அண்ணன் கேட்டாருங்கன்னு ஆரம்பிப்பேன். அவரு சொன்னதையா? அதை விடு. அப்படியே உன்கிட்ட சொல்லியிருந்தா நீ இந்நேரம் ஜெயில்ல இருப்ப.

அப்புறம் அந்த மலையேத்தப் போட்டி. ஊரே வேடிக்கை பாக்குது, நம்ம கடை பேரை ரெண்டு கதவுலயும் எழுதின இதே வண்டி, பாதி மேட்டுல பொசுக்குனு படுத்துடுச்சு. பின்னாடி வந்த தண்ணி டேங்கர் டிராக்டரு ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொல்லிட்டு முந்திப் போச்சு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியலண்ணே, உன் மேல சத்தியமா. உடனே பெட்டி ஓட்டைன்னு நீ, வயரிங் ஓட்டைன்னு அவரு. நீ பிடிச்ச முயலுக்கு மூணு காலு, அவரு பிடிச்சதுக்கு ரெண்டரை.

சரி, சண்டை எந்தக் கடையில இல்ல? அதுக்காக வண்டிய வித்துட்டு, மலைக்கு அந்தாண்ட வொர்க்‌ஷாப்ல வேலைக்குச் சேர்றேன்னு கெளம்புவியா? இல்லண்ணே, இதைக் கேலிக்குச் சொல்லல. நீ போறேன்னு சொன்ன அன்னிக்கு, பல்பு கேட்டவருக்கு பெல்ட்டைத் தூக்கிக் குடுத்தேன். நீயும் அவரும் சேந்து ஆரம்பிச்ச கடை. நீ இல்லாம அந்த கவுன்ட்டர்ல எனக்கு உக்காரப் பிடிக்காது. அவருக்கு மட்டும் என்ன வாழுதாம்? வேற எலக்ட்ரீஷியன் வெக்கலாமான்னு கேட்டுப் பாத்தேன். எதுக்கு, வர்ற வண்டியெல்லாம் எரிச்சு வெக்கவான்னு எரிஞ்சு விழுந்தாரு. அது பாராட்டுண்ணே. அந்த மனுஷனுக்கு அப்படித்தான் வரும்.

இரு, இப்ப ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. போட்டிக்கு முன்னாடி என்கிட்ட ஒரு சேதி சொல்லி அனுப்பின, ஞாபகம் இருக்கா? புதுப் பெட்டியோட சுவிட்சு தலைகீழா வேலை செய்யுது, லோவுல வர வேண்டிய கரன்ட்டு ஹையில வருது, அவனை மாத்தச் சொல்லுன்னு. நான் போய் சொன்னேன். அவரு உர்ருன்னு கேட்டுக்கிட்டாரு, பதிலே சொல்லல. அந்த பதில் வராததை உன்கிட்ட வந்து சொன்னேன். நீ என்ன பண்ணின?

ஒண்ணும் பண்ணலையா? டேஷ்போர்டுக்கு அடியில கரன்ட்டை மாத்திவிடற குட்டி டப்பா ஒண்ணு, ரிலே, உக்காந்திருக்கே, அது தானா முளைச்சுதா? இவன் எங்க மாத்தப் போறான்னு நீயே கவுன்ட்டர்லேர்ந்து ஒண்ணை எடுத்து, தலைகீழா வர்றதை நேராக்கற மாதிரி நடுவுல சொருகிட்ட. என் ஷெல்ஃப்ல ஒரு ரிலே குறைஞ்சா எனக்குத் தெரியாதா? என் பல்லுல ஒண்ணு குறைஞ்ச மாதிரிண்ணே அது.

தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. நல்ல வேலை, கச்சிதமான வேலை. ஆனா அதே சமயத்துல பக்கத்துத் தட்டுல ஒரு சுவிட்சும் குறைஞ்சுது.

என்ன, இன்னும் விளங்கலையா? உன் மாப்ள, அந்த வீம்பு பிடிச்ச மனுஷன், நீ சொன்னது சரிதான்னு ஒத்துக்கிட்டு, வண்டிக்கு அடியில போய்ப் படுத்து, பழைய சுவிட்சைக் கழட்டிட்டு, நேரா வேலை செய்யற சுவிட்சை மாட்டிட்டாரு. மாட்டிட்டேன்னு உன்கிட்ட சொன்னா கௌரவம் கொறைஞ்சுடுமே, சொல்லல. ரிலே வெச்சேன்னு நீயும் மூச்சு விடல. அவரு நேராக்கி அனுப்பினதை உன் ரிலே மறுபடியும் தலைகீழாக்கிடுச்சு. அவரு செஞ்சதும் சரி, நீ செஞ்சதும் சரி. சேந்துதான் நாசம். தான் செஞ்சது சரின்னு ரெண்டு பேருக்கும் தெரியும், அதனால யாரும் திரும்பிப் பாக்கவே இல்ல.

ஆமா, அதேதான், பிடிச்சுட்ட. சமதரையில ஹையில வர்றப்போ, கம்ப்யூட்டர் அதை லோன்னு நெனச்சுக்கிட்டு மேல் கியரே போடாம முனகிக்கிட்டு வந்துச்சே. வாயை மூடுண்ணே, பூச்சி போயிடும்.

எப்ப கண்டுபிடிச்சேனா? நீ கடைக்கு வர்றதை நிறுத்தினதும், டெஸ்டர் பல்பை எடுத்துக்கிட்டு நானே வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தேன். முடியெல்லாம் கிரீஸு. ஏன் அப்பவே சொல்லலையா? சொன்னா என்ன ஆகும், நீயே சொல்லு. நீ சத்தமில்லாம ரிலேயைப் பிடுங்குவ. அவரு சத்தமில்லாம பழைய சுவிட்சை மாட்டுவாரு. ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து நிக்கும். உங்க ரெண்டு பேருக்கும் அந்த ராசி உண்டு. ஒருத்தரு கழட்டணும், ஒருத்தரு சும்மா இருக்கணும். யாருன்னு பேசினாத்தான் தெரியும்.

பின்ன? வேற எதுக்கு உன்கூட வர்றேன்னு ஒட்டிக்கிட்டேன்? இந்த மேட்டைப் பாத்ததும் லோ போடுண்ணே, லோ போடுண்ணேன்னு கரடியா கத்தினேனே, எதுக்கு?

அய்யோ, அந்தாண்ட காத்திருக்கறவரா? அப்படி ஒருத்தரு இல்லவே இல்லண்ணே. அது அண்ணி. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசினாங்க. பொண்டாட்டி குரலே தெரியல இந்த மனுஷனுக்குன்னு அது வேற கோவத்துல இருக்காங்க, வீட்டுக்குப் போனா உனக்கு இருக்கு.

அதோ, ஹாரன் சத்தம். இழுக்கற வண்டி வந்தாச்சு. ஆமா, நம்ம கடை வண்டிதான். அவருதான். நீன்னு அவருக்குத் தெரியாது. வழியில ஒரு கஸ்டமர்கூட மாட்டிக்கிட்டேன், பாவம், வாய் பேச மாட்டாரு, ஆனா நல்லவருன்னு சொல்லியிருக்கேன். இதுல எது பொய்யி?

சாவியைத் தேடாதே. நீ கல்லு வெக்க இறங்கினப்பவே எடுத்துட்டேன். அவரு சாவியையும் வாங்கிக்கிட்டு அந்தப் பாறை மேல போய் உக்காந்துக்கறேன், ஆரஞ்சு இன்னும் பாக்கி இருக்கு. ரிலேயா சுவிட்சான்னு நீங்க முடிவு பண்ணினதும் கூப்பிடுங்க. அப்புறம்ணே, முதல்ல வாயைத் திறக்கறது யாருன்னு அண்ணிக்கும் எனக்கும் பந்தயம். அண்ணி அவரு பேர்ல கட்டியிருக்காங்க. நான் உன் பேர்ல கட்டியிருக்கேன். கதவைத் திற, இறங்கு, என் மானத்தைக் காப்பாத்து.