"எனக்குப் புரியவில்லை" என்ற முதல் வாக்கியம்

இந்த மன்றத்தின் மின்விசிறி முதல் மேசை வரை தம் கையாலேயே துடைத்து வைத்துவிட்டு, ஒன்றுமறியாதவர்போல நடுநாயகமாக அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! உழைத்த ஆண்டுகளையெல்லாம் முழங்காலில் சேமித்துக்கொண்டு முன்வரிசையை அழகுசெய்யும் மூத்தோர்களே! வேலை முடிந்தும் வீட்டுவேலை முடியவில்லை என்பதை அறிந்தும், அடுப்பை அரைமணி நேரம் காக்கவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நாளை மாலைமுதல் இந்தக் கூடத்தில் வணிக ஆங்கிலம் பயிலப்போகும் என் தோழர்களே, தோழியரே! எல்லோரையும் என் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

"தேர்வில் தேறுவது எப்படி என்று பேசுங்கள்" என்று தலைவர் என்னிடம் சொன்னார். நான் தேர்வு எழுதியவள் அல்லள், ஐயா! சரக்குக் கிடங்கில் எடை போடும் பிரிவில் வேலை பார்ப்பவள். ஆனால் என் வீட்டில் ஒரே நாற்காலிக்காக ஒரே தேர்வை இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். மற்றவர் என் தங்கையின் வீட்டுக்காரர்.

ஆமாம், சகலைகள்! இப்போதே சிரிக்கிறீர்களே, இனிமேல்தானே கதை இருக்கிறது! இருவரும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே என்று காட்ட மாட்டேன். நான் இன்றைக்கு வீடு போய்ச் சேர வேண்டும்.

என் வீட்டுக்காரர் எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அங்கே அவருக்குப் பெயர் 'அகராதி'. பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு, இடம் பொருள் பாராமல் எடுத்து வீசுவார் என்பதற்காக வைத்த பெயர். வேறு காரணத்துக்காகவும் இருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? அதற்காகவும்தான்! என் தங்கையின் வீட்டுக்காரர் குளிரறையில் சரக்கு அடுக்குபவர். அவருக்குப் பெயர் 'நிதானம்'. ஒரு வரியைப் படிக்க வேண்டுமென்றால் விரலை வைத்து, எழுத்துக்கு எழுத்து நடந்து, முற்றுப்புள்ளியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். தங்கை மாடியில், நான் கீழே. நடுவில் ஒரு படிக்கட்டு.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து என் வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அதில் அவருடைய பெயர் இருந்தது, 'அவுட்ஸ்டாண்டிங் வொர்க்' என்று இருந்தது. விடுவாரா மனிதர்? அவுட்ஸ்டாண்டிங் என்றால் அபாரம் அல்லவா! இடைவேளையில் கடைக்கு ஓடி, மிட்டாய் வாங்கி, வாசல் காவலர் வரைக்கும் கொடுத்துவிட்டார். எல்லோர் வாயும் இனித்துக்கொண்டிருந்த நேரத்தில், நிதானம் அந்தச் செய்தியை விரல் வைத்துப் படித்து முடித்தார்.

"சகலை, இது பாராட்டு இல்ல. பாக்கி. நீங்க முடிக்காம வச்சிருக்கற வேலையை முடிக்கச் சொல்றாங்க."

பாராட்டு அல்ல, பாக்கி! கிடங்கே குலுங்கியது. சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். சிரிப்புக்கு ஆளானவர் மறப்பாரா? அன்றோடு மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் அனுப்புப் பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. உள்ளே இருப்பவர்களிலிருந்தே எடுப்பார்கள். வணிக ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளும் தேர்வு ஒன்று உண்டு: அலுவலகக் கடிதம், கூட்டத்தைத் தள்ளிவைக்கும் அறிவிப்பு, திரும்பி வந்த சரக்குக்கு விளக்கம், இப்படி. இரண்டு பேரும் பெயர் கொடுத்தார்கள். இருவருக்குமாகச் சேர்ந்து நானும் தங்கையும் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினோம்.

ஒன்று வாங்கினோமா? அதுதான் தப்பு! இன்று யாருக்கு, நாளை யாருக்கு என்று ஒரு வழக்கு. பக்கத்தை மடித்தது யார் என்று இன்னொரு வழக்கு. தூது நடந்து நடந்து என் முழங்கால் தேய்ந்தது. ஒரு மாலை, என் தங்கை காய் நறுக்கும் கத்தியோடு படியிறங்கி வந்தாள். நான் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். புத்தகத்தை மேசைமேல் குப்புறப் போட்டாள். முதுகில் கத்தியை வைத்தாள். ஒரே இழுப்பு!

"ஆளுக்குப் பாதி. இனிமே யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லி, முன்பாதியை எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டாள்.

அன்பர்களே, அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பாதியில் இருந்தவை பாடங்களும் கேள்விகளும். பின்பாதியில் இருந்தவை சொற்பொருளும் விடைகளும்! மாடியில் கேள்வி இருக்கிறது, விடை இல்லை. கீழே விடை இருக்கிறது, எதற்கு விடை என்று தெரியவில்லை. என்ன செய்வார்கள், பாவம்? முதலில் எங்களைத் தூது விட்டார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம். பிறகு மேலே ஒருவர், கீழே ஒருவர், தன் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்கள். அவர் காதில் விழட்டும் என்று இவர், இவர் காதில் விழட்டும் என்று அவர்! பிறகு ஒருவர் நாலு படி இறங்கினார். மற்றவர் நாலு படி ஏறினார்.

அவர்களைப் பேசவைத்தது எந்தச் சொல் தெரியுமா? பெரிய சொல் இல்லை. 'அன்லெஸ்'! ஆள் பார்த்தால் பொடியன். ஆனால் வாக்கியத்தையே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவான். 'பில் காட்டினால் ஒழியச் சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று ஒரு கடை அறிவிப்பு. என் வீட்டுக்காரர் புத்தகத்தில் விடையே தப்பு என்று அடித்துப் பேசினார்.

நிதானம் மெல்லச் சொன்னார்: "சகலை, நம்ம பேச்சுல 'காட்டினா ஒழிய', 'வந்தா ஒழிய'ன்னு அந்த வாலு வினையோட ஒட்டிக்கிட்டு வரும். நம்ம காது அதைப் பிடிச்சிடும். இவங்க அதைத் தனியா நடுவுல ஒளிச்சு வச்சிருக்காங்க. நீங்க பெரிய வார்த்தையைத் தேடி ஓடறீங்க, இதைத் தாண்டிப் போயிடறீங்க."

என் வீட்டுக்காரர் அந்த வரியில் தாமும் விரலை வைத்து மறுபடி படித்தார். பிறகு சற்று நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். பேச்சு அற்றுப்போன வீட்டில் பேச்சு திரும்பியது இப்படித்தான்.

தேர்வுக்குச் சில நாள் முன்பு, புதிய மேலாளர் எங்களையெல்லாம் கூட்டினார். அவருக்கு நம் மொழி தெரியாது. நமக்கு அவர் வேகம் தெரியாது. குளிரறைக் கதவின் தாழ் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. புதுத் தாழ் வரும்வரை ஒரு விதி என்று கடகடவென்று ஒரு வாக்கியம் சொன்னார். என்ன செய்தோம்? வழக்கம்போலத் தலையாட்டினோம். 'எஸ் ஸார்' என்றோம். நான் சொல்வது பொய்யா? உங்கள் வேலையிடத்தில் நீங்கள் தலையாட்டியதில்லையா? அதோ, இப்போதும் ஆட்டுகிறீர்களே!

என் பக்கத்தில் நின்ற மூட்டைதூக்கும் பெரியவர் கேட்டார்: "என்னம்மா சொல்றாரு?"

அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பதில் சொன்னார்: "கதவுகிட்ட ரெண்டாவது ஆள் நிக்கக் கூடாதாம்."

எல்லோர் காதிலும் 'நோ' விழுந்தது, 'செகண்ட் பெர்சன்' விழுந்தது, 'டோர்' விழுந்தது. நடுவிலிருந்த ஒன்று மட்டும் விழவில்லை. அந்த நேரம் நிதானம் கூட்டத்தில் இல்லை. குளிரறைக்குள்ளேதான் அடுக்கிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முகம் வேர்த்திருந்தது. அது என்ன சொல் என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. கேட்டுவிடலாமா? யாரிடம் கேட்பது? அந்த நாற்காலி யாருக்கு என்று சொல்லப்போகிற அதே மேலாளரிடம்! தேர்வுக்குப் பெயர் கொடுத்தவன், ஊருக்கெல்லாம் அகராதி, சபை நடுவே 'தெரியாது' என்று சொல்வதா? மிட்டாய் கொடுத்து ஏமாந்த மனிதர் மறுபடியும் அதே கூட்டத்தின் சிரிப்புக்குத் தலை கொடுப்பதா?

கை தூக்கினார். "ஸார், ஐ டோண்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்றார்.

தாய்மார்களே! அந்தக் கிடங்கில் எங்கள் ஆள் ஒருவர் வாய் திறந்து மேலாளரிடம் சொன்ன முதல் முழு ஆங்கில வாக்கியம் எது? 'எனக்குப் புரியவில்லை' என்பதுதான்!

சிலர் சிரித்தார்கள். மேலாளர் அதே வாக்கியத்தை அதே வேகத்தில், கொஞ்சம் உரக்கச் சொன்னார். இவர் தூக்கிய கையை இறக்கவில்லை. "நோ ஸார். ஸ்லோலி ப்ளீஸ்" என்றார். மேலாளர் இவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேரே கதவருகே போனார். ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். 'இவர் இங்கே நின்றால் ஒழிய யாரும் உள்ளே போகாதீர்கள்' என்று கையால், காலால், முகத்தால் விளக்கினார்.

சிரித்தவர்களின் வாய் மூடியது. நாங்கள் அத்தனை பேரும் நேர்மாறாக அல்லவா புரிந்துவைத்திருந்தோம்!

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "நாற்காலி போச்சு. பரவாயில்ல விடு." சொன்ன வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

அதே வாரம் ஒரு மதியம். உள்ளே நிதானம், வெளியே காவலுக்கு என் வீட்டுக்காரர். தாழ் உள்ளே சிக்கியது. வெளியிலிருந்து இழுத்தார்; பிடி கையோடு வந்துவிட்டது! நான் இயந்திரம் பழுதுபார்ப்பவரைத் தேடி ஓடினேன். அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, இவர் கதவில் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"உக்காராதீங்க சகலை! நடந்துக்கிட்டே பதில் சொல்லுங்க! போஸ்ட்போன்னா?"

உள்ளிருந்து மெலிதாக வந்தது: "தள்ளி வைக்கிறது!"

"ரீஃபண்ட்?"

"பணத்தைத் திருப்பித் தர்றது!"

"டெர்மினேட்?"

"வாயைக் கழுவுங்க சகலை! நல்ல வார்த்தையா கேளுங்க!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பழுதுபார்ப்பவர் கீலைக் கழற்றத் தொடங்கினார். இவர் அடுத்ததைக் கேட்டார்: "எக்ஸ்டெண்ட்?"

பதில் இல்லை.

"எக்ஸ்டெண்ட், சகலை! சொல்லுங்க!" கதவை அறைந்தார். மறுபடி அறைந்தார்.

நெடுநேரம் கழித்து ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல: "தெரியல சகலை. நீங்களே சொல்லுங்க."

"நீட்டிக்கிறது! இன்னும் கொஞ்சம் நேரம் நீட்டிக்கிறது! நீங்களும் கொஞ்சம் நீட்டிப் பிடிங்க, இதோ கதவு வந்துருச்சு!"

கதவு வந்தது. கம்பளியில் சுற்றி வெளியே கொண்டுவந்தோம். உதடெல்லாம் நீலம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே ஆள் நிற்காமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. நான் மட்டும் இன்றைக்கும் அந்தக் கதவைக் கடக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

தேர்வு நடந்தது. முடிவு வந்தது. இருவருமே தேறினார்கள். நாற்காலி யாருக்கு? நிதானத்துக்கு! கைதட்டுங்கள், தட்ட வேண்டியதுதான். என் வீட்டுக்காரரும் அன்றைக்குத் தட்டினார். ஆனால் வீட்டுக்கு வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தங்கை கீழே இறங்கி வரவில்லை. அவள் சந்தோஷம் என்னைச் சுடுமோ என்று அவளுக்குப் பயம்.

"ஏங்க, வருத்தமா இருக்கா?" என்றேன்.

"அவரு ஜெயிச்சதுல வருத்தம் இல்ல. நான் ஜெயிக்காததுல இருக்கு. ரெண்டும் வேற வேற" என்றார். எத்தனை அகராதி புரட்டினாலும் அந்த வித்தியாசம் கிடைக்காது, அன்பர்களே!

மறுநாள் காலை, புதிய மேற்பார்வையாளர் முதல்முறையாக எங்கள் முன்னால் நின்றார். சரக்குகளைப் பிரித்து அனுப்ப வந்திருந்த ஒரு புது ஏற்பாட்டை வாசித்தார். விரல் வைத்துத்தான் வாசித்தார், யாரும் சிரிக்கவில்லை. பிறகு அதையே நம் பேச்சில் சொன்னார். "யாருக்காவது புரியலையா?" என்று கேட்டார்.

ஒரு கையும் எழவில்லை. தலைகள் ஆடின. பழைய ஆட்டம்!

அப்போது பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. "எனக்குப் புரியல, ஸார்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஸார் என்றார்! சகலையை ஸார் என்றார். நிதானம் விரலை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோனார். பிறகு முதலிலிருந்து, இன்னும் மெதுவாகச் சொன்னார். அது முடிவதற்குள் மூட்டைதூக்கும் பெரியவரின் கை எழுந்தது. பொதி கட்டும் பெண்களில் இருவர் கை தூக்கினார்கள். பிறகு நானும் தூக்கினேன். எனக்கும் நிஜமாகவே புரிந்திருக்கவில்லை!

திரும்பி வரும் வழியில் கேட்டேன்: "உங்களுக்கா புரியல? அதெல்லாம் நீங்க படிச்சதுதானே?"

"புரிஞ்சுது. ஆனா முதல் கை தூக்கறதுதான் கஷ்டம். அதை நான் அனுபவிச்சவன். அதை மட்டும் நான் தூக்கிட்டா, மத்தவங்களுக்கு லேசா இருக்கும்ல?"

தோழர்களே! சொற்களைப் படியுங்கள். பெரிய சொல்லைப் படியுங்கள். நடுவில் ஒளிந்திருக்கும் பொடிச் சொல்லை இரண்டு முறை படியுங்கள். தேறுங்கள், உயருங்கள், நாற்காலி ஏறுங்கள்! ஆனால் எதற்காகப் படிக்கிறோம்? நம்மிடம் சொல்லப்படுவது என்ன என்று தெரிந்துகொள்ளத்தானே! தெரியாமல் ஆட்டிய தலை ஒருவன் உயிரைக் கேட்கும். தெரியவில்லை என்று தூக்கிய கை ஒருவன் உயிரைக் காக்கும். தேறியவர்கள் அந்தக் கையைக் கண்டு சிரிக்காதீர்கள். முடிந்தால், முதல் கையை நீங்களே தூக்குங்கள்!

பேச நேரம் தந்த தலைவருக்கும், ஒலிபெருக்கி அலறியபோதெல்லாம் ஓடிவந்து அதை அடக்கியவருக்கும், சிரித்தும் சிந்தித்தும் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அடுப்பு காத்திருக்கிறது, தாய்மார்களே, போய்வாருங்கள். வணக்கம்!