கிளிக்கு ஏது லீவு

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆசிரியைகள். இளையவர் மடியில் ஓர் அட்டைப்பெட்டி.

“ஸ்கூலுக்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துல, கிளி விரட்டுற தகரத்தை நாளைக்கும் அடிக்கச் சொல்லிட்டேங்க்கா.”

“ஏன்டி? அதிகாரி வாராகன்னு ஹெச்.எம். நிறுத்தச் சொல்லியிருக்காகள்ல?”

“அதான் போய்ச் சொன்னேன். பெட்டியில இருக்கது சத்தத்தை அளக்குற சென்சார். அதிகாரி முன்னாடி பிள்ளைகளே அளக்கட்டும். கம்ப்யூட்டர்ல கோடு எம்புறதை அவுகளும் பார்க்கட்டும்.”

“பார்த்து?”

“வகுப்புச் சன்னலுக்குக் கதவு கேட்டுக் கேட்டு என் தொண்டை போச்சு. இனி அந்தக் கோடு சொல்லட்டும்.”

“ஹெச்.எம். வைவாக. நாளைக்கு ஒருநாள் தகரம் அடிக்காட்டி என்ன?”

“அதிகாரி வாராகன்னு கிளி லீவு போடுமாக்கா?”