பச்சைப் பாதையும் பூட்டிய சைக்கிளும்

திங்கட்கிழமை காலை, மீஞ்சூரைக் கடந்த கும்மிடிப்பூண்டி மின்ரயிலில், என் எதிர் இருக்கையில் ஒரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

“சைக்கிள் பாதை போட்டாங்கல்ல, அதான் பொண்ணு சைக்கிளைப் பூட்டி வெச்சுட்டேன்.”

“இன்னாக்கா சொல்றே? பாதை இல்லாதப்பவே ஸ்கூலுக்கு ஓட்டிக்கினு போனாளே?”

“அப்போ ரோட்டோரம் மண்ணு இருந்திச்சு, அதுல போனா. இப்ப அங்க சிமெண்டு போட்டு பச்சை பெயிண்ட் அடிச்சுட்டாங்க. கண்டெய்னர் லாரிங்க வரிசையா அது மேலதான் நிக்குது. புள்ள நடுரோட்டுல ஓட்டணும்.”

“பெல் அடிச்சா நகர மாட்டானுங்களா?”

“லாரி நெழல்ல ஸ்டவ் வெச்சு சோறு வடிக்கிறானுங்க. இவ பெல் அடிச்சா, ‘சாப்புட வாம்மா’ன்றான்.”

இளையவர் சிரித்துவிட்டார். “தெறப்பு விழாவுக்கு அதிகாரிங்க வந்தாங்களே, அவங்க கண்ணுல படலையா?”

“அவங்க வந்த காருங்களையும் அந்தப் பச்சை மேலதான் நிறுத்துனாங்க.”

“புள்ள சும்மாவா இருக்கா?”

“தெனம் சாவி கேக்குறா.” மூத்தவர் கழுத்துக் கயிற்றைத் தொட்டார், கம்பெனி அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு சிறு சாவி தொங்கியது. “லாரிக்காரன் சாப்புட்டுக் கெளம்பட்டும், தரேன்னு சொல்லிக்கினு கீறேன்.”