பறிப்பு முடியும்வரை தொடாதே

புது மாடல் காரை வெளிவந்த வருஷமே வாங்குகிறவர்களை நான் மதிப்பதில்லை. கம்பெனி செய்ய வேண்டிய சோதனையைத் தன் செலவில், தன் குடும்பத்தையே உட்கார வைத்துச் செய்து கொடுக்கும் தர்மவான்கள் அவர்கள். மென்பொருளும் அப்படித்தான். ஊரார் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும், ஓட்டைகள் அடைபடட்டும், அப்புறம் நாம் போட்டுக்கொள்ளலாம். பரோசா பள்ளத்தாக்கில் அந்த ஒயின் ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பத்தொன்பது வருஷம் இப்படித்தான் காப்பாற்றினேன்.

பிறகு முதலாளியின் மருமகன் கிரான்ட்லி வந்தார். 'எதிர்காலத்துக்கான இயக்குநர்' என்று விசிட்டிங் கார்டு. நிகழ்காலத்துக்கு யாரையும் போடவில்லை. நொதிப்பறையை நடத்தும் மென்பொருளின் புதிய பதிப்பை, அது வெளிவந்த அதே வாரம், ஜனவரியில் போட வைத்தார். மென்பொருளுக்கு ரிப்பனை எங்கே கட்டுவது என்று தெரியாமல் மானிட்டரில் கட்டி வெட்டினார்.

நொதிப்பறையில்தான் தொட்டி தொட்டியாகத் திராட்சைச் சாறு பொங்கும். பொங்கும்போது கரியமிலவாயு வரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. விசிறிகள் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு நின்றுவிடும். முன்பு விசிறிக்குச் சுவிட்ச் இருந்தது, கதவுக்குக் கைப்பிடி இருந்தது. புதிய பதிப்பில் இரண்டும் திரைக்குள் போய்விட்டன. விசிறி நின்றால், விஷயம் தெரியாமல் யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று கதவு தானே பூட்டிக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரைப் பற்றி அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

நான்காம் நாளே பெரிய ஓட்டையையும் கண்டுபிடித்தேன். ஒயினைச் சுவைத்துப் பார்க்க வருகிறவர்களுக்கு இலவச வைஃபை கொடுக்கிறோம். அதில் சேர்ந்தவர் யாராக இருந்தாலும் கடவுச்சொல் இல்லாமலே விசிறியை நிறுத்தலாம், கதவை இயக்கலாம். ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். கிரான்ட்லி முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். "உங்ககிட்ட எப்பவுமே ஒரு நெகட்டிவ் எனர்ஜி, கோலின்" என்றார்.

மென்பொருளைத் தயாரித்தவர்கள் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி திருத்தம் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதற்குள் திராட்சைப் பறிப்பு தொடங்கிவிட்டது. பறிப்புக் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள், கம்ப்யூட்டரில் கை வைப்பார்களா? கடைசிக் குலை வந்து சேரும்வரை எதையும் மாற்றக் கூடாது, தவிர்க்க முடியாததென்றால் இயக்குநர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விதியை எழுதியவன் நான்தான். நல்ல விதி. திருத்தத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருபது நாள் கையெழுத்துக்கு அலைந்தேன்.

ஜாய்லினைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொட்டி கழுவுகிறவள், வயது ஐம்பத்திரண்டு, ஆலையிலேயே பெரிய குரல். சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தாள். "ஓட்டை ஓட்டைன்னு ஒம்போது பக்கம் எழுதியிருக்காராம்ல? இந்த ஆளு கல்யாணத்தன்னிக்கே, ஆறு மாசம் போகட்டும், மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு வர்றேன்னு சொல்லியிருப்பாரு. அதான் அந்தம்மா அடிலெய்டுக்கே ஓடிப்போச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மார்ச் மூன்று, செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டே கால் மணி.

மார்ச் பதினொன்று காலை பதினொரு மணிக்கு இறக்குமதியாளர்கள் சிலர் வருவதாக இருந்தது. பத்து நாற்பதுக்கு ஒயின் சுவைக்கும் கூடத்தில் வாடிக்கையாளரைப் போல உட்கார்ந்து, ஃபோனில் விசிறிகளை நிறுத்தினேன். விருந்தாளிகள் வரும் நேரத்தில் அலாரம் அடிக்கும், கிரான்ட்லியின் முகம் வெளுக்கும், கையெழுத்துப் போடுவார். திட்டம் அவ்வளவுதான். அறை காலியாக இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

காலியாக இல்லை. நிறுத்துவதற்கு முன்பே கேமராவில் பார்த்தேன். ஆறாம் தொட்டியருகே ஜாய்லின் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலி அறையில் விசிறி நின்றால் கோளாறு என்பார்கள். ஆள் இருந்தால்தான் ஆபத்து என்பார்கள். நான் எழுதியது ஆபத்தைப் பற்றி.

அலாரம் கிரான்ட்லியின் பெரிய திரைக்குப் போயிற்று. அதில் அப்போது 'நல்வரவு' என்று தங்க எழுத்துகள் சுழன்றுகொண்டிருந்தன.

நொதிப்பறை ரேடியோ என் இடுப்பில் இருந்த கருவிக்கு மட்டும்தான் வரும். "கோலின், கதவு தெறக்க மாட்டேங்குது. ஸ்க்ரீன்ல பட்டனை அமுக்கி அமுக்கி வெரலே போச்சுய்யா." நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் திறக்க வேண்டியிருக்கும். ஃபோனில் ஒரு தட்டுத் தட்டினால் திறந்திருக்கும்தான். ஆனால் தானாகச் சரியாகிவிட்டது என்று எழுதி மூடிவிடுவார்கள். எனவே படிவத்தை எடுத்துக்கொண்டு கிரான்ட்லியிடம் போனேன்.

"இப்பவா? கெஸ்ட் எல்லாம் வந்துட்டாங்கப்பா."

"அவசரம், கிரான்ட்லி."

"உங்களுக்கு என்னிக்குத்தான் அவசரம் இல்ல? பேசி முடிச்சிட்டு வர்றேன், நில்லுங்க."

நின்றேன். புதுமைக்குப் பயப்படாத குடும்பம் என்பது பேச்சின் தலைப்பு. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்கவில்லை. படிவத்திலும் அப்படி ஒரு கட்டம் கிடையாது. பதினொன்று பதினெட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். திருத்தம் ஏற ஒன்பது நிமிடம். பிசகில்லாமல் ஏறியது. விசிறி சுற்றியது, கதவு திறந்தது. ஜாய்லின் கதவை ஒட்டிக் கிடந்தாள்.

மரண விசாரணை அறிக்கையில் 'யாராலும் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாத கோளாறு' என்று எழுதியிருக்கிறார்கள். ஆலை ஒரு மரம் நட்டது. கிரான்ட்லி உண்மையாகவே அழுதார். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வரி தவறு, சார்ஜென்ட். நான் அறிந்திருந்தேன். ஒன்பது பக்கம் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

இன்னொன்று. அந்த ரேடியோ எங்கேயும் பதிவாவதில்லை. நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. பத்து ஐம்பத்தொன்றுக்கு ஜாய்லின் கடைசியாக ஒருமுறை பேசினாள். அவளுக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

"கோலின், நீ சொன்னதுதான்யா சரி. சிரிச்சிருக்கக் கூடாது. வந்து தெற."

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் பக்கம் பேச எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அவள்தான்.