ஒரு அலமாரி முழுக்கக் கேட்டேன்

இல்ல தம்பி, கச்சேரி இன்னும் ஆரம்பிக்கல. ஒயரைச் சொருகிப் பாக்கறாங்க, அதான் அந்தக் கொர்ருங்கற சத்தம். ஆரம்பிச்சாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், அது வேற விஷயம். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. கதவுப் பக்கமா இருக்கேன்னு பாக்காதீங்க, முன்னாடி போனா ஸ்பீக்கர் நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கும்.

முதல் தடவையா? பாத்தாலே தெரியுது. வரச் சொன்ன சிநேகிதர் வரலையா? நடக்கறதுதான். பரவால்ல, நேரம் இருக்கு. மூணு மணின்னு போட்டிருந்தா மூணரைன்னு அர்த்தம்.

நானா? லிஃப்ட் மெக்கானிக். இப்ப வேலையை விட்டாச்சு. சிரிச்சாலும் தப்பில்ல, இந்த ரூம்ல நரைச்ச தலை நான் ஒருத்தன்தான். முன்னாடி இருக்கே ஆல்பம் விக்கற கடை, அங்க ஒரு வேலையா வந்தேன், அப்படியே ஒட்டிக்கிட்டேன். அதோ நாற்காலி விரிச்சுட்டு இருக்காரே, தாடிக்காரர், அவர்தான் முதலாளி. உள்ள வரும்போது இடது கைப் பக்கம் ஒரு அலமாரி பாத்தீங்களா? ஈ காக்கா அண்டாத அலமாரி. அதுல இருக்கறது பூரா நான் கேட்டுட்டேன். மேல் தட்டுல ஆரம்பிச்சு கீழ் தட்டு வரைக்கும். ஒன்றரை வருஷம் ஆச்சு.

எதுல ஆரம்பிக்கறதுன்னு கேக்கறீங்க, நல்ல கேள்வி. எடுத்த எடுப்புல காரத்தை அள்ளி வாயில போட்டா நாக்கு வெந்துடும் இல்லையா? அதனால முதல்ல மஞ்ச அட்டை. பேரெல்லாம் என் வாயில நுழையாது, அட்டையை வெச்சுத்தான் அடையாளம். ரொட்டி சுடற இடத்துல வேலை பாத்த ஆள் ஒருத்தர் பண்ணது. மாவு பிசையற மிஷினை ஓட விட்டுட்டு, அதையே தாளமா வெச்சுப் புல்லாங்குழல் வாசிக்கறார். மாவு கெட்டியாகி மிஷின் திணறும் பாருங்க, அப்ப இவரும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவார். கேட்டா பசிக்கும்.

அடுத்தது ராப். பஸ் ஓட்டற அம்மா ஒருத்தங்க. ராப்னா கையை ஆட்டி ஆட்டிக் கத்தறதுன்னுதானே நெனைக்கறீங்க? இவங்க குரலையே உசத்த மாட்டாங்க, பக்கத்து வீட்டுல சொல்ற மாதிரி சொல்லுவாங்க. தினமும் ஒரே ஸ்டாப்ல ஏறி, ஒரு வார்த்தை பேசாம இறங்கிப் போற ஆளைப் பத்தி ஒரு பாட்டு. ஒரு நாள் அவர் வரலை. அந்த ஸ்டாப்ல வண்டியை நிறுத்தி எத்தனை நிமிஷம் காத்திருந்தாங்க, பின்னாடி யார் யார் திட்டினாங்க, அவ்வளவுதான் பாட்டு. அதைக் கேட்டுக்கிட்டே பஸ்ல போய் நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டேன். விட்டா என்ன, வீட்டுல யார் காத்துட்டு இருக்கா?

அப்புறம் கறுப்பு அட்டை. மெட்டல்னு ஒரு வகைப் பாட்டு. மூணு பல் டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார். காலித் தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கித் தொண்டை கிழியக் கத்தறாங்க. முதல்ல காதைப் பொத்திக்கிட்டேன். மூணாவது தடவை கேக்கும்போது, நாமளும் ஒரு தடவை கத்திப் பாத்தா என்னன்னு தோணுச்சு. ஹால் நடுவுல நின்னு கத்தினேன். கீழ் வீட்டம்மா ஓடி வந்து கதவைத் தட்டி, நெஞ்சு வலியான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். பாட்டுப் பாடினேன்னு சொல்றதைவிட அது கொஞ்சம் மரியாதையா இருந்துச்சு. அந்த வாரம் பூரா படியில பாக்கும்போதெல்லாம் இப்ப தேவலையான்னு விசாரிச்சாங்க. நல்லாத்தான் இருந்துச்சு.

தூக்கம் வராதவங்களுக்கு வெள்ளை அட்டை. அக்கா தங்கச்சி ரெண்டு பேர் ஒரே ஒரு சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு நாப்பது நிமிஷம் நிப்பாங்க. எனக்கு அதுலயும் தூக்கம் வரலை, அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

கடைசியாத்தான் நீல அட்டை. கூட யாரும் இல்லாதப்ப கேளுங்க. ஒரு பொண்ணு பண்ணது. அவங்க அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டு ஹால்லயே கட்டில் போட்டு, பக்கத்துல ஆக்சிஜன் மிஷின் வெச்சு, ஒன்பது மாசம். அந்த மிஷின் சத்தம் ஆல்பம் பூரா அடியில ஓடிட்டே இருக்கும். அதுக்கு மேல அந்தப் பொண்ணு ஒரு இரும்புத் தகட்டுல வயலின் வில்லை வெச்சு இழுக்குது, தூங்கற ஆளை எழுப்பிடக் கூடாதுங்கற மாதிரி அவ்வளவு மெதுவா. அழுகாச்சின்னு நெனைச்சுடாதீங்க. அம்மா நடுவுல பேசுவாங்க. ஃபேனைக் குறைன்னு சொல்லுவாங்க, பாக்க வந்துட்டுப் போன சொந்தக்காரங்க மாதிரியே பேசிக் காட்டுவாங்க. ரெண்டாவது பாதியில பாத்திரம் கழுவற சத்தம் வரும். மூணு தட்டு, மூணு டம்ளர், அப்புறம் குக்கர். குக்கர் மூடி கை நழுவிக் கீழ விழுந்துடும், ஒரு ஆள் தன்னைத்தானே திட்டிக்குவார். இந்தப் பக்கம் அம்மா சிரிப்பாங்க. மூச்சு விடவே முடியாத மனுஷி, சிரிக்கறாங்க.

இல்ல, அதெல்லாம் அட்டையில எழுதியிருக்க மாட்டாங்க. குக்கர் மூடின்னு எப்படித் தெரியும்னா... அதைக் கழுவினது நான்தானே.

ஆமா. என் வீட்டுக்காரி.

வேணாம், தண்ணியை நீங்க குடிங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஏழு வருஷம் ஆச்சு.

எம்பொண்ணு தலகாணிக்கு அடியில ஒரு சின்ன ரெக்கார்டரை வெச்சிருந்தா. விரிப்பு மாத்தும்போது கையில தட்டுச்சு. செவப்பு விளக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு. அம்மா சாகறது உனக்கு விளையாட்டாப் போச்சான்னு கேட்டேன். அவ ஏதோ சொல்ல வந்தா, நான் விடலை. ஓங்கிச் சுவத்துல அடிச்சேன், சுக்கு நூறாப் போச்சு. வீட்டுக்காரி கையைத் தூக்கி வேணாம் வேணாம்னு ஆட்டினா. புள்ளையை அடிச்சுடாதேங்கறான்னுதான் நான் புரிஞ்சுக்கிட்டேன். அந்த வாரம் அவளுக்குப் பேச மூச்சு இல்ல. பத்தாம் நாள் போயிட்டா. எல்லாம் முடிஞ்ச மறு வாரம் பொண்ணும் பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. போறவளைப் பாத்து நான் என்ன சொன்னேன்னு மட்டும் கேக்காதீங்க.

அப்புறம் போன் நம்பரை மாத்திட்டா. மூணு வருஷம் கழிச்சு, ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்துல, அவகூடப் படிச்ச பொண்ணு ஒண்ணு என்னை அடையாளம் கண்டுக்கிச்சு. அவ இப்ப இந்த மாதிரி சத்தத்தை எல்லாம் வெச்சு ஆல்பம் போடறா அங்கிள், ஆனா வேற பேர்ல, என்ன பேருன்னு எனக்கும் தெரியாதுன்னுச்சு. இந்தக் கடைக்கு நான் வந்த வேலை அதுதான். பேர் தெரியாது. இவங்க யாரும் அட்டையில மூஞ்சியையும் போட மாட்டாங்க. வேற என்ன வழி? ஒண்ணொண்ணா எடுத்துக் கேட்டேன். பெத்தவனுக்குத் தெரியாதான்னு ஒரு திமிர். தெரியலை தம்பி. அந்தத் தொட்டிக்குள்ள கத்தறது அவதானோன்னு ஒரு மாசம் நெனைச்சுட்டு இருந்தேன்.

நீல அட்டை கீழ் தட்டுல கடைசியில இருந்துச்சு. ஹெட்போனை மாட்டின உடனே மிஷின். எங்க வீட்டு மிஷினுக்கு ஒரு விக்கல் உண்டு, நான் எத்தனையோ தடவை கழட்டிப் பாத்தும் போகாத விக்கல். அது வந்துச்சு. கடையிலயே தரையில உக்காந்துட்டேன். உடைஞ்சதுல இருந்து மெமரி கார்டை மட்டும் பொறுக்கி வெச்சிருந்திருக்கா.

முடியற இடத்துல வீட்டுக்காரி குரல். எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுக்கோ கண்ணு, நான் போனப்புறம் உங்கப்பாவுக்குப் போட்டுக் குடு, வீட்டுல சத்தம் இல்லைன்னா அந்த மனுஷன் தட்டுல கை வைக்க மாட்டார்னு சொல்றா.

எடுக்கச் சொன்னதே அவதான். எனக்காக.

அந்த மூலையில தண்ணி பாட்டிலோட நிக்கறாளே, சாம்பல் கலர் சட்டை. ம். எம்பொண்ணுதான். இளைச்சுட்டா.

பேசறதா? அவ வாசிக்கற நாளாப் பாத்து இது அஞ்சாவது தடவை வர்றேன். போன தடவை எழுந்து நாலு நாற்காலி தூரம் வரைக்கும் போயிட்டேன். அவ நிமிர்ந்தா. நான் குனிஞ்சு ஷூ கயிறு கட்டற மாதிரி பாவனை பண்ணேன். போட்டிருந்தது செருப்பு. அப்படியே வெளிய போயிட்டேன். மன்னிச்சுடுன்னு ஒரு வார்த்தைதான், வீட்டுல கண்ணாடி முன்னாடி நூறு தடவை சொல்லியாச்சு, இங்க வந்தா கால் கதவுப் பக்கம் திரும்பிடுது. அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்னா, அப்புறம் இந்த நாற்காலிகூட இல்லையே எனக்கு.

தம்பி, நீங்க உள்ள வரும்போதே கேக்கலாம்னு நெனைச்சேன். இன்னைக்கு அவளோட புது ஆல்பம். முடிஞ்சதும் அந்த மேஜையில உக்காந்து அவ கையாலயே கொடுப்பா. எனக்கு ஒண்ணு வாங்கித் தர முடியுமா? நான் வெளிய படிக்கட்டுல நிக்கறேன். யார் பேர் எழுதணும்னு கேப்பா. பேர் எல்லாம் வேணாம், அப்பாவுக்குன்னு மட்டும் எழுதித் தாங்கன்னு சொல்லுங்க. உங்க அப்பாவுக்குன்னு நெனைச்சுக்குவா.