பதினேழாவது கேள்வி

எனக்குப் பிள்ளைகளைப் பிடிக்கும். பிள்ளைகள் நிரப்பித் தந்த படிவங்களை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அவை காகித அம்பு விடாது. என் உத்தியோகம் அப்படி. பள்ளிக்கூடத்தில் போதைப் பழக்கத்தைத் தடுக்க யாராவது பாடம் நடத்தினால், அந்தப் பாடம் பலித்ததா என்று அளந்து சொல்வது என் வேலை. பாடம் நடத்துவதைவிட இது சுலபம். தொண்டை கட்டாது.

நீங்கள் விசாரிக்கும் திட்டத்துக்கு 'வேண்டாம் நண்பா' என்று பெயர். ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பன்னிரண்டு வாரப் பாடம். நடத்தியவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் என்பதால் பிள்ளைகளுக்கு அவர் பெயரே விசில்தான். பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிறுத்துவார். ஒரு பிள்ளை எதையோ தருவதுபோல் கையை நீட்ட வேண்டும், எதிரில் இருப்பது 'வேண்டாம் நண்பா' என்று சொல்ல வேண்டும். விசில் ஊதினால் இடம் மாற வேண்டும். ஒரு வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் இருபது முறை மறுக்கவும் இருபது முறை நீட்டவும் பழகிவிடும். இதைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை. கருத்துக்கு என் படிவத்தில் இடம் கிடையாது.

பாடத்துக்கு முன்னால் ஒரு படிவம், ஒரு வருடம் கழித்து அதே படிவம். பெயர் எழுத வேண்டாம். சிகரெட், மது, போதைக்கு முகரும் பசை என்று வரிசையாகக் கேட்டு, போன மாதம் தொட்டாயா என்று கேட்போம். இந்த வயதில் பிள்ளைகள் இரண்டு விதமாகப் பொய் சொல்வார்கள். தொட்டுவிட்டுத் தொடவில்லை என்பது ஒன்று. அதைப் பிடிக்க வழி இல்லை. தொடாமலே தொட்டேன் என்று பீற்றிக்கொள்வது இன்னொன்று. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு பொறி உண்டு. உலகத்திலேயே இல்லாத ஒரு சரக்கின் பெயரை நடுவில் செருகிவிடுவோம். அதையும் தொட்டேன் என்று குறிக்கிற பிள்ளை பொய்யன். அவன் படிவம் முழுவதையும் நீக்கிவிடலாம்.

அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். அலுவலகக் கழிப்பறையில் வாடைக்குப் போட்டிருந்த நீல வில்லையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது: நீலச்சில்லு. பதினேழாவது கேள்வியாகப் போட்டேன். முதல் சுற்றில் நானூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் ஒன்பது பேர் சிக்கினார்கள். ஒன்பது பொய்யர்கள் என்பது நல்ல கணக்கு. மற்றவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் ஏதாவது ஒன்றைத் தொட்டிருந்தார்கள்.

ஒரு வருடம் கழித்துப் படிவங்கள் வந்தபோது அறுபத்தொரு பேர் நீலச்சில்லு என்று குறித்திருந்தார்கள். சிலர் 'வாரம் இரண்டு முறை' என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள். பீற்றல்காரர்கள் இவ்வளவு நுணுக்கமாக எழுத மாட்டார்கள். எனவே பள்ளிக்கு எதிரில் இருக்கும் நோட்டுப் புத்தகக் கடைக்குப் போனேன். அழிப்பான் வாங்குவதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"நீலச்சில்லு இருக்கா?"

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பெரியவங்களுக்குக் குடுக்கறதில்ல சார்."

"ஏன்?"

"பெரியவங்க ஏன்னு கேப்பாங்க."

அந்தப் பெயரை வைத்தவனே நான்தான் என்று அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். என் வாழ்க்கையில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

"நீங்கதானா சார் அது? போன வருஷம் ஏதோ தாள்ல வந்துச்சாம். அன்னிக்கு சாயங்காலமே பத்து பேரு வந்து நின்னாங்க. இல்ல இல்லன்னு நானும் எத்தனை நாளைக்குச் சொல்றது? கேக்கறதைக் குடுத்தாத்தான் அது கடை. எங்கப்பாவுக்கு எழுதிக் குடுத்த தூக்க மாத்திரையைப் பொடிச்சு, சாயத்தைப் போட்டுத் தட்டிட்டேன். வேற கலப்படம் ஒண்ணும் கிடையாது சார். சத்தியமா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு சில்லை வாங்கிக் காகிதத்தில் மடித்து, என் மேசை இழுப்பறையில் வைத்தேன். பிறகு எங்கள் இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனேன்.

"அம்மா, பதினேழாவது கேள்வியில நிறைய பேர் மாட்டியிருக்காங்க. அந்த நீக்கற விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமான்னு..."

"விதியை யாரு எழுதினது?"

"நான்தான்."

"ஆய்வு தொடங்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அப்ப பாதியில மாத்தினா அதுக்குப் பேருதான் மோசடி, தம்பி. உனக்கு நான் சொல்லணுமா?"

சரியான பேச்சு. என் பேராசிரியரும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சரக்கு இப்போது கடையில் கிடைக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அறுபத்தொரு படிவங்களையும் நீக்கியபின் மிஞ்சியவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்தான் எதையாவது தொட்டிருந்தார்கள். பதினான்கு ஆறாகிவிட்டது. நீக்காவிட்டால் இருபதைத் தாண்டியிருக்கும். இன்னும் எத்தனை பள்ளிகளுக்கு விரிவாக்கலாம் என்று மேலிடம் முடிவெடுக்க இருந்தது இந்த எண்ணை வைத்துத்தான். விசில் தினமும் போன் செய்து, "தம்பி, பாஸா பெயிலா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வயசான மனுஷர்.

நீக்கும் படிவம் ஒவ்வொன்றிலும் 'நம்பத்தகாதது' என்று முத்திரை குத்த வேண்டும். நாற்பதாவதோ என்னவோ, ஒரு படிவத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: 'இதை மட்டும் நிறுத்த முடியல. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.' எட்டாம் வகுப்பு. கையெழுத்து எனக்குத் தெரியும். போன வருடம் முழுக்க அந்தக் கையெழுத்துக்கு நான்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் அக்கா மகள்.

அக்காவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பெயர் எழுதாத படிவம் அது. யார் எழுதியது என்று வெளியே சொல்ல மாட்டோம் என்று நானூறு பிள்ளைகளுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். சொந்தக்காரி என்பதற்காக ஒரு பிள்ளைக்கு மட்டும் வாக்கை மீறுவது நியாயமில்லை. முத்திரை குத்தினேன். மை கொஞ்சம் தீர்ந்திருந்ததால் இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் சோபாவில் கால்களை மடித்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள், வளர்கிற வயது என்றாள் அக்கா. அக்கா உள்ளே போனதும் கேட்டாள்:

"மாமா, அந்த ஃபாரத்தையெல்லாம் யாராச்சும் படிப்பீங்களா?"

"ஒண்ணு விடாம."

"படிச்சுட்டு?"

"கூட்டிக் கழிச்சு, நூத்துக்கு எத்தனைன்னு போடுவோம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் கண்ணு."

"ஜாலியான வேலை மாமா உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் வகுப்பிலேயே விழுந்துவிட்டாள். எனக்கு வியாழக்கிழமை அறிக்கை வாசிக்க வேண்டியிருந்தது; இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவசரப் பிரிவில் சின்ன வயசு டாக்டரம்மா. என்ன சாப்பிட்டாய் என்று கன்னத்தில் தட்டித் தட்டிக் கேட்டதற்கு, கண் திறக்காமலே ஒரு தரம் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது.

"நீலச்சில்லா? அப்படின்னா என்ன?" என்றார் டாக்டர்.

அத்தான் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவனைக் கேளுங்க. இவனுக்கு இதே வேலைதான். சொல்லுடா மாப்ளே."

உங்களுக்கு வேண்டியது இந்த இடம்தான் என்று தெரியும், எனவே நிதானமாகவே சொல்கிறேன். அதில் என்ன மாத்திரை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்று என் இழுப்பறையில் இருப்பதும் தெரியும். அது உண்மையில் இருக்கிறது என்று நான் அங்கே சொன்னால், அறுபத்தொரு பேரும் உண்மை சொன்னவர்கள் ஆகிவிடுவார்கள். வியாழக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

"அப்படி ஒரு சரக்கே கிடையாது டாக்டர்," என்றேன். "பொய் சொல்றவங்களைப் பிடிக்க நாங்க வச்ச பேரு அது. பசங்க சும்மா சொல்லுவாங்க. இவ அதெல்லாம் தொடற பொண்ணு இல்ல."

டாக்டர் வேறு காரணம் தேடத் தொடங்கினார். தலையைப் படம் எடுத்தார்கள், முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். ரத்தத்தில் தூக்க மருந்தைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது புதன்கிழமை ஆகிவிட்டது, அவளும் போய்விட்டாள். பிற்பாடு வந்த பரிசோதனைத் தாளை, குடும்பத்தில் படித்தவன் என்று என்னிடம்தான் கொடுத்தார்கள். மூளைக் காய்ச்சல் என்று அக்காவிடம் சொன்னேன். துக்க வீட்டில் நீளமாகப் பேசுவது பண்பல்ல.

வியாழக்கிழமை அறிக்கையை நானே வாசித்தேன். சொந்தத் துக்கத்திலும் கடமை தவறாதவர் என்று இயக்குநர் அம்மா அறிமுகப்படுத்தினார். பதினான்கு, ஆறு என்று சொன்னதும் எழுந்து நின்று கை தட்டினார்கள். விசில் அழுதுவிட்டார். கடைக்காரர் உங்களிடம் என் அடையாள அட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால், இந்நேரம் இன்னும் அறுநூறு பள்ளிகளுக்கு நான் கேள்வித்தாள் அச்சடித்துக்கொண்டிருப்பேன்.

ஆகவே, ஆமாம். தெரிந்துதான் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு கோரிக்கை. அக்காவுக்கு இது தெரிய வேண்டாம். போன வாரம்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "எம்பொண்ணு அதெல்லாம் தொடமாட்டான்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னவன் நீ ஒருத்தன்தான்டா தம்பி," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு மிஞ்சியிருக்கும் அந்த ஒரு ஆறுதலையும் பிடுங்க எனக்கு மனசு வராது. அவ்வளவு ஈரமில்லாதவன் இல்லை நான்.