மூன்றாம் நாள் மாறும் பக்கம்

தேவிகுளம் போகும் ஜீப்பில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்மா, எனக்கு எப்ப உயிர் வரும்?"

"பேர நேத்தே மாத்திட்டேன் சித்தப்பா. செத்தது எஸ்டேட்டு மேல் டிவிஷன் யாக்கோபு. நான்தான் கைதவறி கீழ் டிவிஷன் யாக்கோபுன்னு உங்களப் போட்டுட்டேன்."

"இன்டர்நெட்டுல நம்ம சபை பிளாக்குல இன்னும் நான்தான செத்துக் கிடக்கேன்?"

"நம்ம சர்வர்ல ஊர்ப்பட்ட பேரு பிளாக் வச்சிருக்காங்க. லைன் வீட்டுல எல்லாரும் ஒரே பைப்புல தண்ணி புடிக்கிற மாதிரி. பக்கம் திறக்கவே நேரமாவுது. அதனால ஒருக்கா திறந்த பக்கத்த கேச்சுன்னு ஒரு நகலா எடுத்து வச்சு, அந்தப் பழசையே எல்லாருக்கும் காட்டுது."

"அத அழிக்க வேண்டியதுதான?"

"அழிக்கப் போனா சர்வர் திணறி நின்னுருது. விட்டா மூணாம் நாள் தானா மாறிரும்."

"மூணாம் நாளா?"

பெரியவர் அவள் பக்கம் குனிந்தார்.

"அப்ப நீ அதத் தொடாத. பிளாக்கப் பாத்துட்டு கம்பத்துல இருந்து மச்சான் மாலையோட கிளம்பிட்டானாம். ஆறு வருஷமா எங்கூடப் பேசாதவன். வந்து சேரட்டும்."